அலைக்கரை யூட் எழுதிய கவிதை

பிற்பகல் இரண்டே முக்காலுக்கு அப்பா மணிக்கூட்டுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். போர்க்காலத் தடையால் வன்னிக்குள் பற்றரிகள் வராத காலம் அது. சாவி கொடுக்கிற பழைய மணிக்கூடு வைத்திருந்தவர்களுக்கு ஊரில் ஒரு மதிப்பு வந்திருந்தது. அந்த நேரத்தில்தான் வாசல் படலையடியில் ஒரு பெண் குரல் கேட்டது.

"யூட் நிக்கிறானோ?"

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. இப்படி யாராவது வந்து கேட்டால் எப்போதும் சொல்கிற பதிலையே சொன்னார்.

"அவர் மாங்குளம் போயிட்டார். பொழுதுபட வந்திடுவார்."

படலைக் கட்டை ஒருமுறை அசைகிற சத்தம் மட்டும் கேட்டது.

எங்கள் வீட்டில் யூட் என்று எவரும் இருந்ததில்லை. அப்பாவும் சித்தப்பாவும் அம்மாவும் நானும்தான். ஆனால் அந்த வீட்டு முகவரியில் பதினொரு எழுத்தாளர்கள் வசித்தார்கள். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

அப்பா நீர்ப்பாசனக் கந்தோரில் எழுதுவினைஞர். அவருடைய தம்பியான சித்தப்பா கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்தார். துணுக்காய்ப் பக்கத்தில், குளத்தை நம்பி வயல் செய்கிற ஒரு குடியேற்றத்தில் இருந்துகொண்டு இருவரும் ஓர் இலக்கிய இதழ் நடத்தினார்கள். அதன் பெயர் 'துரிசு'. குளத்துத் தண்ணீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடுகிற மதகை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். இதழை அடித்துத் தந்தது சங்கத்துக்குச் சொந்தமான ஒரு ரோனியோ மெசின். கையால் சுற்றுவது. மின்சாரம் இல்லாத ஊரில் அதுவே அதன் பெரிய தகுதி. வெள்ளைத் தாள் கிடைக்காததால் கோடு போட்ட கொப்பித் தாளில் அடித்தார்கள். கவிதைகள் எல்லாம் கோடுகளை மதிக்காமல் ஏறியும் இறங்கியும் கிடக்கும். புதுக்கவிதை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நான் வெகுநாள் நம்பியிருந்தேன்.

ஸ்டென்சில் என்கிற மெழுகுத் தாளில் இரும்பு முனையால் கீறி எழுதுவது அம்மாவின் வேலை. அவருடைய எழுத்துத்தான் கிழியாமலும் மங்காமலும் வரும். ஒரு பக்கம் எழுதி முடிந்ததும் தலையை நிமிர்த்தாமல் கேட்பார்:

"இதுக்கு ஆரைப் போட?"

இதழில் எழுதுவது இரண்டு பேர்தான் என்று தெரிந்தால் யார் மதிப்பார்கள்? அதனால் அப்பாவும் சித்தப்பாவும் பதினொரு பெயர்களில் எழுதினார்கள். வரம்பூரான் சித்தப்பா. மடையூர் மாறனும் சித்தப்பா. இந்த இரண்டு பேரும் கவிதைக்கு ஓசை வேண்டுமா வேண்டாமா என்று ஒரு வருடம் சண்டை பிடித்தார்கள். ஊர் இரண்டு பட்டது. 'இவ்விவாதம் இத்துடன் முற்றுப்பெறுகிறது' என்று அப்பா ஆசிரியர் குறிப்பு எழுத வேண்டிவந்தது. மாறனை நேரில் கண்டு நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று ஒருநாள் ஓர் இளைஞர் சைக்கிளில் வந்தார். மாறன் செட்டிகுளத்தில் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டதாக அப்பா சொன்னார். சித்தப்பாவோ அந்த இளைஞருக்குத் தேத்தண்ணி கொடுத்து, மாறனைப் பற்றிய குறைகளை எல்லாம் கேட்டு, "ஓம் தம்பி, அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான்" என்று வழியனுப்பி வைத்தார்.

அதிலிருந்து அது வீட்டு விதியாகிவிட்டது. புனைபெயரைத் தேடி யார் வந்தாலும் ஆள் வெளியே போயிருக்கிறார். பொய் சொன்னால் எனக்குக் காது முறுக்குகிற அப்பா இதைப் பொய்யில் சேர்க்கவில்லை. நாளடைவில் நாங்களும் அந்தப் பெயர்களை ஆட்களாகவே கதைக்கத் தொடங்கியிருந்தோம். சித்தப்பா எழுதாமல் படுத்திருந்தால், "மாறனுக்கு இண்டைக்குத் தடிமன் போல" என்பார் அம்மா. சோறு இன்னொரு முறை கேட்டால், "இது வரம்பூரானுக்கோ?" என்பார்.

அலைக்கரை யூட் அந்த வரிசையில் கடைசியாக வந்தவர். கரைப் பக்கத்திலிருந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்த ஒரு ரீச்சர்தான் அவர் பிறக்கக் காரணம். சங்கக்கடை வரிசையில் நின்றபடி சித்தப்பாவிடம் அவர் கேட்டாராம்.

"உங்கட புத்தகத்தைத் திறந்தாச் சேத்து மணம்தான் வருது. ஏன், எங்கட கரையில ஒருத்தருக்கும் எழுத வராதோ?"

அப்பாவுக்கு அது சுட்டுவிட்டது. அடுத்த இதழில் ஒரு கடற்கரைக் கவிஞர் இருந்தே ஆக வேண்டும் என்றார். எங்களுக்குத் தெரிந்து கரையில் எழுதுகிறவர் யாரும் இல்லை. சித்தப்பா கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியவரும் இல்லை. ஆனாலும் ஒரு பின்னேரம் குந்தியிருந்து எழுதி முடித்து அம்மாவிடம் கொடுத்தார். அதில் நாலு வரி இப்படி:

அலைவரம்பு தாண்டிப் போறேன் அம்மா,
அடுத்தவன் வயல் என்று அஞ்ச வேண்டாம்.
உலை கொதிக்க முன் வந்திடுவேன்,
உப்பை மட்டும் பார்த்துப் போடு.

"அலைக்கு எங்கால வரம்பு?" என்றார் அப்பா.

"அது நான் சொன்னதில்லை அண்ணை. மாசியில எங்கட வயலுக்கு நெல்லு அருவி வெட்ட வந்த கரைப் பெடியன் சொன்னது. வரம்பில குந்தியிருந்து, எங்கட கடலிலயும் வரம்பிருக்கு, அலை முறியிற இடம், அங்கால போனா ஆரின்ரையோ வயல் எண்டான்."

"பேர் ஆரைப் போட?" அம்மா இரும்பு முனையோடு காத்திருந்தார்.

"அவன்ர பேரையே போடுங்கோ அண்ணி. யூட்."

வெறும் யூட் என்றால் புனைபெயர்போல இல்லை என்று அப்பா முன்னால் 'அலைக்கரை' சேர்த்தார். இதழ் ஆவணியில் வந்தது. ரீச்சர் மகிழ்ந்துபோய் விடுமுறைக்குக் கரைக்குப் போகும்போது ஒன்றைக் கையோடு கொண்டு போனார்.

இனிப் படலைக்கு வரலாம்.

ஒரு கவிஞரைத் தேடி வருகிற வாசகர் எவரும் "நிக்கிறானோ" என்று கேட்பதில்லை. சொல்லில் ஒற்று மிகுமா மிகாதா என்று அரை நாள் யோசிக்கிற அப்பா அந்த 'ஆனோ'வைக் கவனிக்கவில்லை. மணிக்கூட்டை மூடிவிட்டுத் திரும்பியபோதுதான் பார்த்தார். படலைக் கட்டையைப் பிடித்தபடி ஒரு பெண் நிலத்தில் குந்திவிட்டிருந்தார். காலில் செருப்பு இல்லை. கழுத்தில் கறுத்த நூலில் ஒரு மாதா சுரூபம். கையில், பொலித்தீன் பைக்குள், துரிசு.

அம்மா குசினியிலிருந்து ஓடிப்போய் அவரைத் தூக்கிக் கொண்டுவந்தார். கதிரையில் இருக்கச் சொன்னார். அவர் இருக்கவில்லை. செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துச் சிரித்தார்.

"நான் யூட்டின்ர தாய்."

கரையிலிருந்து ஓர் உழவு மெசினில் ஒட்டுசுட்டான் வரையும், ஒரு மரலொறியில் மாங்குளம் வரையும், பிறகு நடந்தும் வந்திருந்தார். புருசனுக்குச் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டாராம்.

"ஆனியில தொழிலுக்குப் போனவன் ஐயா. வள்ளம் கரைக்கு வந்தது. அவன் வரேல்லை. எல்லாரும் செத்தவைக்கு வைக்கிற பூசைக்குக் குடுக்கச் சொல்லிச்சினம். நான் குடுக்கேல்லை. ரீச்சர் வந்து இதை வாசிச்சுக் காட்டினவ. மேல என்ன மாதம் போட்டிருக்கு எண்டு கேட்டன். ஆவணி எண்டவ." அவர் பையைத் தட்டினார். "ஆனிக்குப் பிறகுதானே ஆவணி?"

அப்பா ஒரு கதிரையை இழுத்து முன்னால் இருந்தார். கந்தோரில் வாய்க்கால் முறைப்பாட்டோடு வருகிறவர்களுக்கு விளங்கப்படுத்துகிற குரல் ஒன்று அவரிடம் உண்டு. அந்தக் குரலில் தொடங்கினார்.

"அம்மா, முதல்ல நான் சொன்னது பிழை. யூட் மாங்குளம் போகேல்லை. இது புனைபெயர்."

"புனைபெயர் எண்டா?"

"எழுதிற ஆள் தனக்கு வைக்கிற வேற பேர்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அப்ப என்ர பிள்ளைக்கு இஞ்ச என்ன பேர் வைச்சிருக்கிறியள்?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தார்.

"அப்பிடி இல்லை. இதை எழுதினது என்ர தம்பி."

"ஏன் ஒளிச்சிருக்கிறான் எண்டு நான் கேக்க வரேல்லை ஐயா. காலம் அப்பிடி. ஆருக்கும் சொல்லமாட்டன். முகத்தை ஒருக்காப் பாத்திட்டுப் போயிடுவன்."

"அம்மா, மாதா மேல ஆணையாச் சொல்லுறன்..."

"நீங்கள் சைவம். மாதாவை ஏன் இழுக்கிறியள்?" என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா என் தோளில் கை வைத்தார்.

பிறகு அந்தப் பெண் பையிலிருந்து இதழை எடுத்து என்னிடம் நீட்டினார். தனக்கு வாசிக்கத் தெரியாது, ரீச்சர் சொன்னது போதாது, இன்னொருக்கா வாசி பிள்ளை என்றார். பள்ளிக்கூடத்தில் வாசிப்புக்குப் பரிசு வாங்கியவள் நான். நிமிர்ந்து நின்று உரத்து வாசித்தேன். உப்பு வரி வந்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் உப்புக் கூடப் போடுறன் எண்டு ஒவ்வொரு நாளும் என்னோட கொழுவல். அது உங்கட தம்பிக்கு எப்பிடித் தெரியும்? கடலுக்குப் போறவன் எவனாவது அலைக்கு வரம்பு எண்டு சொல்லுவானோ? எங்கட கரை முழுக்க அதைச் சொல்லி அவனைப் பகிடி பண்ணிறது. அருவி வெட்டுக்குப் போய் வந்து கமக்காரனாகிட்டான் எண்டு. அவன் ஒருத்தன்தான் சொல்லுவான். இது அவன் சொன்னதுதான்."

அது உண்மைதான். அந்தச் சொல் அவனுடையது. உப்பும் அவனுடையதாகத்தான் இருந்திருக்க வேண்டும். சித்தப்பாவுடையது என்று அந்தக் கவிதையில் என்ன மிஞ்சும் என்று இப்போது யோசித்துப் பார்த்தால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

"தம்பி வரட்டும்," என்றார் அப்பா கடைசியில். "அவர் வந்து சொல்லட்டும்."

சித்தப்பா உண்மையிலேயே மாங்குளம் போயிருந்தார், மை தேடி.

அந்தப் பின்னேரம் முழுக்க யூட்டின் தாய் எங்கள் முற்றத்து வேப்ப மரத்தின் கீழ் இருந்தார். அம்மா வெறுந்தேத்தண்ணியும் ஒரு கடி பனங்கட்டியும் கொடுத்தார். அவர் குடித்துக்கொண்டே வீட்டைச் சுற்றிக் கண்ணால் தேடினார். கொடியில் கிடந்த சித்தப்பாவின் சேர்ட்டை எழுந்துபோய்த் தொட்டுப் பார்த்தார். அளவு பார்ப்பதுபோலத் தோளைப் பிடித்துப் பார்த்துவிட்டு, மறுபடி ஒழுங்காகக் கொடியில் போட்டார்.

"உவருக்குத் தோள் அகலம், என்ன?" என்றார் அம்மாவிடம்.

"ஓம் அக்கா."

"அவன் ஒல்லி."

அப்பா உள்ளே போய் அடுத்த இதழுக்கான கட்டுரையை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் எழுதாமல் இருந்தார். நான் இடைக்கிடை மணிக்கூட்டைப் பார்த்தேன். எனக்கு இருந்த கவலை ஒன்றுதான். அன்றைக்கு அம்மா எனக்குப் பிடித்த சாப்பாடான களியோடை காய்ச்சித் தருவதாகச் சொல்லியிருந்தார். இந்தக் குழப்பத்தில் அது நடக்காது போலிருந்தது.

இத்தனை வருடம் கழித்து, போன மாதம், வவுனியாவில் படிக்கிற என் மகன் வர வேண்டிய பஸ்ஸில் வரவில்லை. போனும் நிறுத்தி இருந்தது. மாங்குளம் சந்தியில் இறங்குகிற ஒவ்வொருவரிடமும் அவனைப் பற்றிக் கேட்டேன். முறிகண்டியிலிருந்து எதிர்ப்பக்கமாக வந்த பஸ்ஸின் கொண்டக்டரிடமும் கேட்டேன். "அக்கா, நாங்கள் அங்காலப் பக்கத்தால வாறம், அவர் எப்பிடி இதில இருப்பார்?" என்றான் அவன். தெரியும். இருந்தாலும் பஸ்ஸுக்குள் ஏறி ஒவ்வொரு சீற்றாகப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன். மகன் நித்திரையாகிக் கிளிநொச்சி வரை போய், இருட்டாக முன் வேறு பஸ்ஸில் திரும்பி வந்து சேர்ந்தான். போனில் சார்ஜ் இல்லையாம். அவ்வளவுதான் நடந்தது. யூட்டின் தாய் வந்த அந்தப் பின்னேரத்தை நான் எழுதத் தொடங்கியதும் அதனால்தான்.

சித்தப்பாவின் சைக்கிள் ஒழுங்கை திரும்புகிற சத்தம் கேட்டதும் அந்த அம்மா எழும்பி நின்று சேலையைச் சரிசெய்தார். தலைமயிரைக் கையால் ஒதுக்கினார். சித்தப்பா படலைக்குள் வந்தார். யூட்டின் தாய் அவரைப் பார்த்தார். பிறகு சித்தப்பாவின் முதுகுக்குப் பின்னால், வெறும் ஒழுங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதன்பிறகு நிலத்தில் இருந்துவிட்டார்.

அப்பா சித்தப்பாவை வேலிக்கரைக்குக் கூட்டிப்போய் இரண்டு மூன்று வசனம் சொன்னார். சித்தப்பா மைப் போத்தலைக் கையில் பிடித்தபடியே வந்து அந்த அம்மாவுக்கு முன்னால் நிலத்தில் இருந்தார்.

"நான்தான் எழுதினது அக்கா. யூட் மாசியில எங்கட வயலில வெட்டினவர். அவர் சொன்னதுகளை வைச்சு எழுதினனான். அதுக்குப் பிறகு நான் அவரைக் காணேல்லை."

இப்படி நேரே சொன்னதும் அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்ட நகர்ந்து இருந்தார்.

"என்ன எல்லாம் சொன்னவன்?"

சித்தப்பா சொன்னார். வரம்பைச் சொன்னார். உப்பைச் சொன்னார். அட்டை கடித்ததற்குப் பயந்து அவன் குதித்ததையும், கத்தியை இடக்கையால் பிடித்ததையும் சொன்னார்.

"ஓம், இடக்கைதான். வேற?"

அவன் எங்கள் வயலில் நின்றது கொஞ்ச நாள்தான். தெரிந்தது எல்லாம் சீக்கிரமே முடிந்துவிட்டது. சித்தப்பா நிறுத்தவில்லை. வேலை முடிந்து வாய்க்காலில் குளிக்கும்போது அவன் பாடுவான் என்றும், அவன் பாட்டைக் கேட்க மற்ற வயல்காரர் வந்து நிற்பார்கள் என்றும் சொன்னார். வயலுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனவள் நான். அவன் வாயே திறக்காத கூச்சக்காரன் என்று எனக்குத் தெரியும். சித்தப்பாவைத் திருத்த வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து இறுக்கினார்.

"அவன் பாடமாட்டான்," என்றார் தாய்.

சித்தப்பா தலையைக் குனிந்தார்.

"பரவாயில்லை," என்றார் அந்தத் தாய். "வேற சொல்லுங்கோ."

பொழுது சாய்கிற நேரம் ஒரு பழைய சைக்கிள் படலையில் வந்து நின்றது. அவருடைய புருசன். காலையிலிருந்து விசாரித்து விசாரித்து மிதித்து வந்திருந்தார். சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். கால் முழுக்கச் செம்புழுதி. மனைவியைக் கண்டதும் ஏசவில்லை. "சாப்பிட்டியே?" என்று மட்டும் கேட்டார். அவர் "ஓம்" என்று பொய் சொன்னார்.

அப்பா மறுபடி முதலில் இருந்து தொடங்கினார். புனைபெயர் என்றால் என்ன, ஏன் வைக்கிறார்கள், பொறுப்பு எல்லாம் ஆசிரியருடையது, மனம் வருந்துகிறோம் என்று கூட்டத்தில் பேசுவதுபோலச் சொல்லி முடித்தார். அந்த மனிதர் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு கடைசிவரை மரியாதையாகக் கேட்டார்.

"ஐயா, என்ர மகனுக்கு எழுத வாசிக்கத் தெரியாது," என்றார். "சங்கத்தில ஒப்பம் கேட்டாலும் பெருவிரல்தான் வைக்கிறவன். அது இவவுக்கும் தெரியும்."

அந்த அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. இதழைப் பொலித்தீன் பைக்குள் வைத்து, மூலைகள் மடங்காமல் தடவி, முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

எனக்குச் சரியான கோபம் வந்தது. இதை வந்தவுடனேயே சொல்லியிருந்தால் ஒரு பின்னேரம் மிஞ்சியிருக்குமே என்று நினைத்தேன். அப்பாவுக்கு இனி நிம்மதியாக இருக்கும், பிரச்சினை முடிந்துவிட்டது என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இரவு தங்கிப் போகச் சொல்லி அம்மா எவ்வளவோ கேட்டார். மாங்குளத்தில் தெரிந்த வீடு இருக்கிறது என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள். சித்தப்பா சைக்கிளைப் பிடிக்க, அந்த அம்மா பின் கரியரில் ஏறி இருந்தார். பையை மடியில் வைத்தார். அந்த மனிதர் ஒரு காலை மிதியில் வைத்தபிறகு, ஏதோ மறந்ததுபோலத் திரும்பி, மனைவிக்குக் கேட்காதபடி அப்பாவிடம் கேட்டார்.

"அடுத்த புத்தகத்திலயும் எழுதுவானோ, ஐயா?"

அப்பா, "ஓம்," என்றார். "எழுதுவார்."

இவ்வளவு விளங்கப்படுத்தியும் இந்த மனிதருக்குப் புனைபெயர் என்றால் என்னவென்று பிடிபடவில்லையே என்று அப்போது எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது.